அணைக்காக எடுத்த நிலமும் தண்ணீர் எடுத்துக்கொண்ட நிலமும்

கேள்வி: நெய்தல்வாணன்

நான் சட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். அரசு கட்டும் அணைகளுக்காகத் தனியார் நிலம் எடுக்கப்படுவதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். படிக்கப் படிக்க ஓர் ஐயம் வலுத்துக்கொண்டே போகிறது. இத்துறைகளில் பழக்கமுள்ளவர்கள் இங்கே இருப்பதால் அதை உங்கள் முன் வைக்கிறேன்.

நில எடுப்பைப் பற்றி எழுதுவோரும் ஆற்றின் சூழலைப் பற்றி எழுதுவோரும் ஒருவரையொருவர் படிப்பதாகவே தெரியவில்லை. முதல் தரப்பினர் இழப்பீடு, கட்டாயமாக எடுப்பதற்காக அதன்மேல் தரும் ஆறுதல் தொகை, மறுகுடியமர்வு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாம் தரப்பினருக்கு வண்டல், மீன், கழிமுகம் ஆகியவையே பொருள். எனக்கோ இரண்டும் ஒரே கோளாற்றின் விளைவுகளாகத் தோன்றுகின்றன. சந்தையில் நிலம் வாங்க வருபவர், உரிமையாளர் கொடுக்க மறுத்தால் விலையை உயர்த்த வேண்டும், இல்லையேல் வேறு இடம் பார்க்க வேண்டும். அணை கட்டும் அரசுக்கு அந்த நெருக்கடி கிடையாது. அறிவிக்கை வெளியிட்டு, பக்கத்து நிலத்தின் பதிவு மதிப்பை வைத்து ஒரு தொகையைத் தீர்மானித்து, நிலத்தைத் தன் வசமாக்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லாததால், அந்தப் பள்ளத்தாக்கு என்ன பெறும் என்ற கேள்வியே கணக்குக்குள் வராமல் போகிறது. நிலத்துக்கு முழு விலை போடாத கணக்கு ஆற்றுக்கும் முழு விலை போடாது என்பதே என் கருதுகோள்.

இதை மெய்ப்பிக்கும் அல்லது மறுக்கும் உண்மையான வழக்கு ஏதேனும் உண்டா? அதே அணையைத் தனியார் ஒருவர் தம் சொந்த நிலத்தில் கட்டியிருந்தால் ஆற்றுக்கு நேர்ந்த சேதம் குறைந்திருக்குமா? பொதுவான கருத்துகளைவிட, ஒரு குறிப்பிட்ட அணையை எடுத்துக்கொண்டு விளக்குபவர்களுக்கு மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.

மறுமொழி: பொருநைக்கரையாள்

உங்கள் கருதுகோளுக்கு மிக அருகில் வரும் வழக்கு அமெரிக்காவின் டெனிசி மாநிலத்தில் உள்ள டெல்லிக்கோ அணை. அதை மீன் வழக்கு என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். உண்மையில் அது முதலில் ஒரு நில வழக்கு.

லிட்டில் டெனிசி ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே 1967இல் டெனிசி பள்ளத்தாக்கு ஆணையம் இந்த அணையின் வேலையைத் தொடங்கியது. 1933இல் ரூஸ்வெல்ட் காலத்தில் நிறுவப்பட்ட அந்த ஆணையம் அதற்குள் அப்பகுதியின் நல்ல அணைத்தளங்களை எல்லாம் பயன்படுத்தி முடித்திருந்தது. டெல்லிக்கோவில் மின்னாக்கி ஒன்றுகூட வைக்கப்படவில்லை. தேங்கும் நீரை ஒரு கால்வாய் வழியாகப் பக்கத்து ஃபோர்ட் லவுடன் நீர்த்தேக்கத்துக்குத் திருப்பி, அங்குள்ள மின் நிலையத்தில் சிறிதளவு கூடுதல் மின்சாரம் எடுப்பதே ஏற்பாடு. மின்சாரத்தையும் வெள்ளத் தடுப்பையும் மட்டும் காட்டினால் செலவுக்கு ஈடாகாது என்பதால், படகு சவாரி முதலான பொழுதுபோக்கு வருவாயும், கரையோர நிலத்தின் மதிப்பு உயர்வும், அங்கே எழப்போகும் தொழில் நகரமும் பயன் பக்கத்தில் எழுதப்பட்டன.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நீர்த்தேக்கத்தின் பரப்பு ஏறத்தாழ 16,500 ஏக்கர். ஆணையம் எடுத்த நிலமோ ஏறத்தாழ 38,000 ஏக்கர். தண்ணீர் ஒருபோதும் தொடப்போகாத வயல்களும் எடுக்கப்பட்டன, ஏனெனில் அவை ஏரிக்கரை மனைகளாக மாறும்போது கிடைக்கும் விலை உயர்வு திட்டத்தின் வரவாகக் காட்டப்பட்டிருந்தது. 300க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. உழவர்கள் அந்த விலை உயர்வைத் தாங்களே பெற்றிருக்க முடியும்; அது அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டு, அணைக்கு நியாயம் சொல்லும் எண்ணாக மாற்றப்பட்டது. கட்டாய நில எடுப்பு இல்லாவிட்டால் அந்த வரவு இல்லை, அந்த வரவு இல்லாவிட்டால் அணைக்கு நியாயமும் இல்லை. உங்கள் கருதுகோள் இங்கே ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.

மீன் அதற்குப் பிறகுதான் வருகிறது. 1973 ஆகஸ்டில் டெனிசி பல்கலைக்கழக விலங்கியலாளர் டேவிட் எட்னியர் அந்த ஆற்றின் சரளைப் படுகையில் மூன்று அங்குல நீளமே உள்ள, நத்தைகளைத் தின்று வாழும் சிறு மீன் ஒன்றைக் கண்டார். ‘ஸ்னெயில் டார்ட்டர்’ என்று பெயரிடப்பட்ட அதற்குக் குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீர் வேண்டும். தேங்கிய நீரின் அடியில் சேறு படிந்தால் அது முட்டையிடும் சரளை மூடிப்போகும். அதே ஆண்டின் இறுதியில் அழியும் நிலை உயிரினங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1978 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவாகி அணை ஏறக்குறைய முடிந்த நிலையில், 6 பேருக்கு 3 பேர் என்ற பெரும்பான்மையில் மதகை மூடக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்புக்குப் பிறகு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, விலக்கு அளிக்கும் அதிகாரத்தோடு அமைச்சர்கள் நிலையிலான குழு ஒன்றை அமைத்தது. 1979 ஜனவரியில் அக்குழு ஒருமனதாக அணைக்கு எதிராகவே முடிவெடுத்தது. மீன் ஒரு காரணம், ஆனால் ஒரே காரணம் அன்று. ஏற்கெனவே செலவழித்ததை முழுவதும் மறந்துவிட்டு, மிச்சமிருக்கும் வேலைக்கான செலவை மட்டும் எடுத்து மொத்தப் பயனோடு ஒப்பிட்டால்கூடத் திட்டம் கட்டுபடியாகாது என்று, குடியரசுத் தலைவரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவர் சார்ல்ஸ் ஷுல்ட்ஸ் அக்கூட்டத்தில் சுட்டிக்காட்டினார். மூழ்கப்போகும் வளமான வயல்களின் விளைச்சலும் ஒரு செலவுதான் என்பது கணக்கில் முறையாக எழுதப்பட்டது அப்போதுதான். அணை அந்தக் கணக்கில் தோற்றது.

ஆனாலும் அணை நிறைவேறியது. அந்த ஆண்டின் ஒதுக்கீட்டு மசோதாவில் டெல்லிக்கோவுக்கு மட்டும் எல்லாச் சட்டங்களிலிருந்தும் விலக்கு அளிக்கும் வாசகம் செருகப்பட்டது. குடியரசுத் தலைவர் கார்ட்டர் 1979 செப்டம்பரில் கையெழுத்திட்டார். நவம்பரில், வெளியேற மறுத்த கடைசிச் சில குடும்பங்களைக் காவலர்கள் வெளியேற்றினார்கள். அம்மாதம் 29ஆம் தேதி மதகு மூடப்பட்டது. செரோக்கி மக்களின் பழந்தலைநகர் சோட்டாவும், மாநிலத்துக்கே பெயர் தந்த தனசி என்னும் ஊரும் நீருக்கடியில் போயின. தொழில் நகரத்துக்குக் கூட்டாளியாக இருந்த போயிங் நிறுவனம் அதற்கு முன்பே விலகிவிட்டிருந்தது. உபரி நிலத்தின் ஒரு பெரும் பகுதியில் 1980களில் தனியார் நிறுவனம் ஒன்று கோல்ஃப் மைதானங்களுடன் கூடிய குடியிருப்பை எழுப்பியது. பொதுத் தேவைக்கென்று ஓர் உழவரிடம் எடுத்த நிலம் வேறொருவரின் ஏரிக்கரை வீட்டுமனையாவது எந்த விதத்தில் பொதுத் தேவை என்பதை உங்கள் கட்டுரை நேராகக் கேட்க வேண்டும்.

மீன் என்ன ஆயிற்று என்று யாரேனும் கேட்பார்கள். ஹிவாசி முதலான வேறு ஆறுகளுக்கு மாற்றப்பட்டுப் பிழைத்துக்கொண்டது. 2022இல் அழியும் நிலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அது தனி இனமே அன்று, வேறோர் இனத்தின் கிளைக் கூட்டம் என்று 2025இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு ஒன்று கட்டுரை வெளியிட்டது. அணைக்கு ஆதரவானவர்கள் அதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடலாம். ஆனால் 1979இல் அமைச்சர்கள் குழு அணையை நிராகரித்த பொருளாதாரக் கணக்கை அந்தக் கட்டுரை ஓர் இலக்கம்கூட மாற்றவில்லை.

மறுமொழி: மருதன்

பொருநைக்கரையாள் அவர்கள் சொன்ன செய்திகளை ஏற்கிறேன். டெல்லிக்கோவை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கு வருவதில்தான் எனக்குத் தயக்கம்.

அதே ஆணையத்தின் தொடக்க கால அணைகளைப் பாருங்கள். 1936இல் முடிந்த நாரிஸ் அணைக்காக ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன; அவர்களில் குத்தகைதாரர்களாக இருந்தோருக்கு நில இழப்பீடு என்று எதுவும் கிடைக்கவில்லை. அது பெரும் அநீதி. எனினும் அந்த அணைகள் வந்த பிறகு சட்டனூகா நகரம் பெருவெள்ளங்களிலிருந்து தப்பியது, மின்விளக்கு இல்லாத பண்ணை வீடுகளுக்கு மின்சாரம் போனது, நீர்த்தேக்கங்களின் மட்டத்தை வாரந்தோறும் சற்றே ஏற்றி இறக்கிக் கொசுப் புழுக்களைக் கரையில் உலரவைக்கும் முறையால் மலேரியா ஏறக்குறைய ஒழிந்தது. ஒவ்வோர் உரிமையாளரின் சம்மதத்தையும் பெற்றுத்தான் கட்ட வேண்டும் என்றிருந்தால் இவை எதுவும் நடந்திராது. வேண்டாம் என்று ஒருவர் சொன்னதால் ஆயிரம் பேருக்குக் கிடைக்காமல் போவதும் ஓர் இழப்பே. அதையும் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

தனியார் கட்டியிருந்தால் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடியான பதில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் தாமஸ் ஆல்ட்வெல் என்ற தொழில் முனைவோர், நிலத்தைச் சந்தையில் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்து, தனியார் முதலீட்டில் ஓர் அணை கட்டினார். அது 1913இல் மின்சாரம் தரத் தொடங்கியது. மீன்கள் ஏறிச்செல்ல வழி விட வேண்டும் என்ற மாநிலச் சட்டம் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தும் அவர் வழி விடவில்லை. அதற்கு ஈடாக மீன் குஞ்சுப் பண்ணை வைப்பதாகச் செய்துகொண்ட உடன்பாடும் 1922இல் பண்ணை மூடப்பட்டதோடு முடிந்தது. 1927இல் மேலே இன்னோர் அணையும் எழுந்தது. சால்மன் மீன்கள் ஏறிச் சென்ற 70 மைலுக்கு மேற்பட்ட நீர்வழி, கடலிலிருந்து ஐந்தே மைல் தொலைவில் அடைபட்டது. மணலும் சரளையும் அணைக்குப் பின்னே தங்கிவிட்டதால் முகத்துவாரத்தின் கடற்கரை அரிக்கப்பட்டது. அங்கே சிப்பி பொறுக்கி வாழ்ந்த கீழ் எல்வா கிளாலம் பழங்குடியினருக்குக் கரையும் போனது, மீனும் போனது.

அந்த மீனுக்கு யாரிடமும் பட்டா இல்லை. அங்கே சேதத்துக்கு வழி விட்டது கட்டாய எடுப்பு அன்று; பழங்குடியினரின் மீன் உரிமையைச் சொத்தாக மதிக்காத சட்டம். பிறகு அதைச் சரிசெய்தது யார்? 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு இரண்டு அணைகளையும் 2000இல் ஏறத்தாழ 2.95 கோடி டாலர் கொடுத்து வாங்கி, 2011 முதல் 2014 வரை படிப்படியாக இடித்தது. அணைகளுக்குப் பின்னே தேங்கியிருந்த சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டலின் பெரும் பகுதி விடுபட்டது. முகத்துவாரத்தில் மணற்கரை மீண்டும் வளர்ந்தது, சால்மன் மேலேறியது. ஆகவே அரசா தனியாரா என்று கேட்பதைவிட, யாருடைய இழப்பு சட்டத்தின் கண்ணில் சொத்தாகத் தெரிகிறது என்று கேட்பது உங்களை மேலும் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: சங்கிலிக்காரர்

நான் நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். நீர்த்தேக்கத் திட்டங்களுக்கான நில எடுப்பில் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். மேலே இருவரும் எழுதியதைப் படித்தபோது, இதுவரை யாரும் தொடாத ஒன்று இருப்பதாகப் பட்டது. டெல்லிக்கோவில் தண்ணீருக்குத் தேவையானதைவிட அதிக நிலம் எடுத்தார்கள். தண்ணீருக்குத் தேவையானதைவிடக் குறைவாக எடுப்பதும் உண்டு. அதன் விளைவு இன்னும் மோசமானது.

முதலில் வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முழு நீர்மட்டம் இவ்வளவு அடி என்று பொறியாளர்கள் கொடுத்துவிடுவார்கள். மட்டக் கருவியையும் அளவுகோலையும் வைத்து அந்த உயரத்தில் மேட்டுக்கு மேடு, ஓடைக்கு ஓடை கோடு பிடித்து, அந்தக் கோட்டில் கல் நட்டுக்கொண்டே போவோம். பிறகு கிராமத்தின் புலப்பட வரைபடத்தில் அந்தக் கோட்டை ஏற்றி, எந்தெந்தப் புல எண்ணில் எத்தனை சென்ட் உள்ளே விழுகிறது என்று உட்பிரிவு செய்வோம். தண்ணீரின் கோடு வளைந்து வளைந்து போகும், மனிதரின் வரப்பு நேராக இருக்கும்; ஆகையால் பெரும்பாலான புலங்கள் இரண்டாக வெட்டுப்படும். கிணறு கோட்டுக்குக் கீழேயும் அந்தக் கிணற்றால் விளையும் வயல் கோட்டுக்கு மேலேயும் விழுந்த புலங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். மேலே தங்கியது எடுக்கப்படாத நிலம் என்றே ஏட்டில் இருக்கும். தண்ணீர் இல்லாமல் அதில் என்ன விளையும் என்று உரிமையாளர் கேட்டால், பிரிவினால் வந்த சேதத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு, மனுக் கொடுங்கள் என்போம். அந்த மனுவை முழுதாக நடத்திப் பணம் பெற்றவர்கள் மிகச் சிலர்.

கோட்டை எந்த உயரத்தில் பிடிப்பது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வெள்ளம் தடுக்கும் அணையில் முழு நீர்மட்டத்துக்கு மேலே இன்னும் சில அடி உயரம் வெள்ள நீரைப் பிடித்துவைக்கக் காலியாக விடப்பட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில நாள்களுக்கு மட்டுமே அங்கே தண்ணீர் ஏறும். அந்த நிலத்தையும் எடுத்தால் செலவு கூடும், எதிர்ப்பும் கூடும். எடுக்காவிட்டால் அந்தக் கொள்ளளவைப் பயன்படுத்த முடியாது.

ஜார்க்கண்டிலும் மேற்கு வங்கத்திலும் ஓடும் தாமோதர் ஆற்றின் பள்ளத்தாக்கில் நடந்தது இதுதான். 1943 ஜூலையில் தாமோதர் கரையுடைத்து, போர்க்காலத்தில் கல்கத்தாவுக்கான ரயில் பாதையையும் சாலையையும் துண்டித்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட விசாரணைக் குழு டெனிசி ஆணையத்தைப் போன்ற ஓர் அமைப்பைப் பரிந்துரைத்தது. இயற்பியலாளர் மேக்நாத் சாஹா அக்குழுவில் இருந்தார். டெனிசி ஆணையத்தின் பொறியாளர் வூர்துயின் இங்கே வந்து திட்டம் வகுத்தார். ஆகவே டெல்லிக்கோவும் தாமோதரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. ஏழெட்டு அணைகள் கொண்ட திட்டத்தில் திலையா, கோனார், மைத்தான், பாஞ்சேத் ஆகிய நான்கை மட்டுமே கழகம் 1953க்கும் 1959க்கும் இடையில் கட்டி முடித்தது.

பாஞ்சேத் அணையின் வெள்ளக் கொள்ளளவு 445 அடி மட்டம் வரை வடிவமைக்கப்பட்டது. நிலம் எடுக்கப்பட்டதோ 425 அடி வரைதான். மைத்தானில் 500 அடிக்கு 495 அடி வரை. சிலருடைய வயலும் வீடும் தப்பின என்று பார்த்தால் இது நல்ல செய்தி. ஆனால் பெருமழை வரும்போது நீர்மட்டம் அந்தக் கோட்டை நெருங்குகையில், மேலே இருக்கும் எடுக்கப்படாத நிலத்தை மூழ்கடிக்க அதிகாரம் இல்லாததால், மதகைத் திறந்து கீழே விட்டாக வேண்டும். திட்டமிட்ட அணைகளில் பாதி இல்லை, இருக்கும் அணைகளிலும் வெள்ளக் கொள்ளளவின் ஒரு பகுதி பயன்படாது. பர்த்தமான், ஹூக்ளி, ஹவுரா மாவட்டங்களின் வயல்களில் அந்தத் தண்ணீர்தான் ஏறுகிறது. 1978இலும் 2000இலும் வந்த வெள்ளங்களைச் சொல்லலாம். மனிதர் உண்டாக்கிய வெள்ளம் என்று மாநில அரசும், விதிப்படிதான் திறந்தோம் என்று கழகமும் இன்றுவரை வாதிடுகின்றன. மேலே நிலம் எடுக்காமல் மிச்சப்படுத்திய பணத்தை, கீழே வெள்ளத்தில் பயிரை இழக்கும் உழவர் தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு எந்தக் காலத்திலும் நில எடுப்பு அறிவிக்கை வரவில்லை, ஏனெனில் அவருடைய நிலத்தை யாரும் எடுக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. சாதாரண ஆண்டுகளில் வெள்ளம் குறைந்ததும் கீழ்த் தாமோதரின் வடிகால் படிப்படியாகத் தூர்ந்து குறுகியது. ஆற்றுக்குள் உள்ள மணல் திட்டுகளில் மக்கள் குடியேறிப் பயிர் செய்யத் தொடங்கினார்கள், அவர்களில் பலர் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். பழைய ஆறு எளிதாகக் கடத்திய அளவு நீரைக்கூட இன்றைய ஆற்றால் கடத்த முடியவில்லை. அணை கொடுத்த பாதுகாப்பு உணர்வே ஆற்றின் வழியில் மக்களைக் கொண்டுபோய் அமர்த்தியது.

மேற்கு வங்கப் பாசனத் துறைப் பொறியாளர் கபில் பட்டாச்சார்யாவை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஆண்டுதோறும் தாமோதரில் வந்த வெள்ளம்தான் ஹூக்ளி ஆற்றின் அடியில் படியும் மண்ணைக் கடலுக்குத் தள்ளிவந்தது என்றும், அணைகள் அதை நிறுத்தினால் கல்கத்தா துறைமுகம் தூர்ந்துபோகும் என்றும் அவர் எச்சரித்தார். அதைச் சரிசெய்யக் கங்கையின் குறுக்கே ஃபராக்கா தடுப்பணை கட்டப்போனபோது, அதற்கும் எதிராக எழுதினார். அவரை நாட்டுக்கு விரோதமானவர் என்றே ஏசினார்கள். 1975இல் ஃபராக்கா திறக்கப்பட்டது. நொடிக்கு 40,000 கன அடி நீரை ஹூக்ளிக்குத் திருப்பும் ஏற்பாடு அது. துறைமுகத்தின் ஆழம் எதிர்பார்த்தபடி மீளவில்லை, தூர்வாரும் வேலை நிற்கவில்லை. தடுப்பணைக்கு மேலே மால்டா மாவட்டத்தில் கங்கை கரையை அரித்து ஊர் ஊராக விழுங்கியது. அலகாபாத் வரை ஏறிச் சென்ற ஹில்சா மீன் ஃபராக்காவோடு நின்றுபோனது. வங்கதேசத்தோடு மூண்ட தண்ணீர்த் தகராற்றுக்கு 1996இல்தான் முப்பதாண்டு உடன்படிக்கை ஒன்று கண்டார்கள். மால்டாவில் வீட்டை ஆறு கொண்டுபோன ஒருவருக்குத் தாமோதர் எங்கோ இருக்கும் ஆறு. ஆனால் அவருடைய இழப்பின் கணக்கை எடுத்துப் பின்னோக்கிப் போனால் அது ஃபராக்கா வழியாகத் தாமோதர் அணைகளின் திட்ட அறிக்கைக்குத்தான் வந்து சேரும்.

கேள்வியாளர் மறுமொழி: நெய்தல்வாணன்

மூவருக்கும் என் நன்றி. மருதன் ஐயா சொன்னதை ஏற்று, என் கருதுகோளைக் கட்டாய எடுப்போடு நிறுத்தாமல், இழப்பு சொத்தாகப் பதிவாகாத இடங்களுக்கும் விரிக்கப்போகிறேன். சங்கிலிக்காரர் ஐயாவிடமும் மற்றவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். எடுப்புக் கோட்டுக்கு வெளியே இருப்பவருக்கு, அதாவது நிலம் எடுக்கப்படாமலேயே அணையால் நிலத்தை இழப்பவருக்கு, எந்த நாட்டிலாவது சட்டம் வழி காட்டியிருக்கிறதா? நம் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் அவரைக் காண்கிறதா?

மறுமொழி: தென்னவள்

வழக்கறிஞராக இருப்பதால் இந்தக் கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும்.

அமெரிக்காவில் இரண்டு வழக்குகளை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். முதலாவது, ஆர்கன்சா மாநில வேட்டை மற்றும் மீன்வள ஆணையம் தொடுத்தது. கிளியர்வாட்டர் அணையின் நீர் வெளியேற்ற அட்டவணையை ராணுவப் பொறியாளர் பிரிவு 1993 முதல் 2000 வரை, உழவர்களின் அறுவடைக்கு வசதியாக, வழக்கத்திலிருந்து மாற்றியது. தண்ணீர் மெதுவாகவும் நீண்ட நாள்களுக்கும் விடப்பட்டதால், கீழே இருந்த காட்டில் மரங்களின் வேர்கள் வளரும் பருவத்தில் ஆறு ஆண்டுகளாக நீரில் நின்றன. ஓக் மரங்கள் பெருமளவில் பட்டுப்போயின. நிலம் எடுக்கப்படவில்லை, வெள்ளமும் நிரந்தரமில்லை, ஆகவே இழப்பீடு இல்லை என்று அரசு வாதிட்டது. 2012 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நீதிபதி ஜின்ஸ்பர்க் எழுதிய ஒருமனதான தீர்ப்பில், தற்காலிக வெள்ளம் என்பதாலேயே அது எடுப்பு ஆகாது என்று சொல்லிவிட முடியாது என்றது. சொத்துரிமைப் பிரிவைக் கொண்டு ஒரு காட்டின் சாவுக்கு ஈடு கேட்க முடிந்தது என்பது உங்கள் கட்டுரையின் இரண்டு பாதிகளையும் சேர்த்துத் தைக்கும் செய்தி.

இரண்டாவது, சங்கிலிக்காரர் ஐயா விளக்கிய தாமோதர் நிலைமையின் மறுபதிப்பே. ஹூஸ்டன் நகரைக் காக்க 1940களில் கட்டப்பட்ட அடிக்ஸ், பார்க்கர் என்ற இரு தடுப்பு நீர்த்தேக்கங்களுக்கு, அவை பிடித்துவைக்கக்கூடிய உச்ச மட்டம் வரை அரசு நிலம் எடுக்கவில்லை. அடிக்ஸில் ஏறத்தாழ 103 அடி வரைதான் அரசு நிலம். அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்த மேய்ச்சல் நிலங்கள் பின்னாளில் மனைகளாகி விற்கப்பட்டன. 2017இல் ஹார்வி புயலின்போது தண்ணீர் 109 அடியைத் தொட்டு ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் புகுந்து நின்றது. தம் வீடு நீர்த்தேக்கத்தின் உள்ளே இருக்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. 2019 டிசம்பரில் ஒன்றியக் கோரிக்கைகள் நீதிமன்றம், மேற்புற வீட்டு உரிமையாளர்களின் சொத்தில் அரசு வெள்ளம் தேக்கும் உரிமையை எடுத்துக்கொண்டதாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நிலத்தை வாங்காமல், எப்போதாவது அதில் தண்ணீர் தேக்கும் உரிமையை மட்டும் முன்கூட்டியே பணம் கொடுத்துப் பெறும் வழக்கம் அந்த நாட்டில் நெடுங்காலமாக உண்டு. பாஞ்சேத்தில் 425 அடிக்கும் 445 அடிக்கும் இடையில் அந்த முறையைக் கையாண்டிருந்தால், உழவர் தம் வயலை வைத்துக்கொண்டிருப்பார், வெள்ளம் ஏறிய ஆண்டில் அவருக்குப் பணம் கிடைத்திருக்கும், கீழேயும் அவ்வளவு நீர் போயிருக்காது.

நம் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட மிகவும் மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. இழப்பீட்டுக்கு நிகரான நூறு விழுக்காடு ஆறுதல் தொகையும், நிலமில்லாத தொழிலாளருக்கும் குத்தகைதாரருக்கும் மறுவாழ்வும் அதில் உண்டு. டெல்லிக்கோவில் நடந்ததைப் போன்ற மறுவிற்பனைக்கும் 102ஆம் பிரிவு ஒரு தடை வைத்திருக்கிறது: எடுத்த நிலத்தை எந்த மேம்பாடும் செய்யாமல் வேறொருவருக்குக் கைமாற்றினால், உயர்ந்த மதிப்பில் 40 விழுக்காட்டைப் பழைய உரிமையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். ஆனால் அதற்கு எடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் என்ற வரம்பு உண்டு. அணைத் திட்டங்கள் ஐந்து ஆண்டுகளில் முடிவது அரிது என்பதால், இந்தப் பாதுகாப்பு அணை நிலங்களுக்குப் பெரும்பாலும் எட்டாது.

அரசா தனியாரா என்ற உங்கள் தொடக்கக் கேள்விக்கும் இச்சட்டத்திலேயே விடை இருக்கிறது. தனியார் நிறுவனத்துக்காக எடுக்கும்போது பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் சம்மதமும், அரசும் தனியாரும் சேர்ந்த கூட்டுத் திட்டமாக இருந்தால் அக்குடும்பங்களில் 70 விழுக்காட்டினரின் சம்மதமும் வேண்டும். அரசு தானே கட்டும் அணைக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. அதற்கும் மேலாக, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யப்பட வேண்டிய பாசனத் திட்டங்களுக்குச் சமூகத் தாக்க மதிப்பீட்டிலிருந்து 6ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆற்றைப் பற்றி ஓர் அறிக்கை இருந்தால் மக்களைப் பற்றிய அறிக்கை வேண்டாம் என்ற இந்த ஏற்பாட்டுக்கு இதுவரை ஏற்கத்தக்க ஒரு காரணத்தையும் நான் கேட்டதில்லை.

கோட்டுக்கு வெளியே இருப்பவரிடம் வருகிறேன். பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்கான வரையறையில், வாழ்வாதாரத்துக்குக் காட்டையோ நீர்நிலையையோ நம்பியிருக்கும் மீனவர், படகோட்டி ஆகியோர் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அணைக்குக் கீழே மீன் இழந்தவர்கள் அந்த வாசகத்தைப் பற்றிக்கொண்டு வாதிட இடமிருக்கிறது. கீழே வெள்ளத்தால் பயிரிழக்கும் உழவருக்கு அப்படி ஒரு வாசகம்கூட இல்லை; பேரிடர் நிவாரணம்தான் அவருக்குக் கிடைப்பது, அது அரசின் கருணையாகத் தரப்படுவதே தவிர அவருடைய உரிமை அன்று. உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுவாகவோ, உரிமையியல் நீதிமன்றத்தில் கவனக்குறைவுக்கான வழக்காகவோதான் அவர் போக முடியும். அங்கே மதகு விதிப்படி திறக்கப்பட்டது என்று அரசு சொல்லிவிட்டால், விதியே தவறு என்று மெய்ப்பிக்கும் பாரம் அவர் தலையில் விழுகிறது.

அதனால் சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களுக்கு நான் ஒன்றையே வலியுறுத்துகிறேன். நிலம் எடுக்கப்படும் கோடு எந்த மட்டத்தில், அணை பிடிக்கக்கூடிய உச்ச வெள்ள மட்டம் எந்த மட்டத்தில் என்று எழுத்தில் கேளுங்கள்; இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால், இடைப்பட்ட நிலத்தின் புல எண்களைக் கேளுங்கள். கீழே உள்ள ஊர்க்காரர்கள், மதகிலிருந்து அதிகபட்சமாக எவ்வளவு நீர் விடப்படும், அது எந்தெந்த ஊரில் எத்தனை அடி நிற்கும் என்று கேட்டு, பதிலைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்ய வைக்க வேண்டும். அணை கட்டிய பிறகு தொடுக்கும் எந்த வழக்கிலும், இந்த ஆபத்து முன்பே தெரிந்திருந்தது என்று மெய்ப்பிக்க உங்களிடம் இருக்கக்கூடிய முதல் ஆவணம் அந்தக் குறிப்புதான்.